யோகா ஸ்பானிஷ் படிக்கப் போன முதல் கிழமை

என் தங்கை யோகா 1976ஆம் ஆண்டு மாசி மாதக் கடைசியில் சிட்னிக்கு வந்து சேர்ந்தாள். நானும் என் கணவரும் முன்னரே வந்து மெரிலேண்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அவர் ரயில் பெட்டிகள் திருத்தும் பட்டறையில் எலக்ட்ரீசியன். நான் ஒரு சேட்டுத் தொழிற்சாலையில் கொலர் தைத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த வேலை நன்றாகப் பிடித்திருந்தது. கொலரின் இரண்டு முனையும் ஒரே கூராக வரவேண்டும். வராவிட்டால் பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டும். யோகா அப்படியல்ல. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு மேலே படிக்கப் போகும் முதல் ஆள் அவள். நகரத்துக்குள் இருந்த ஒரு கல்லூரியில் இரண்டு வருட ஸ்பானிஷ் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். படித்து முடித்தால் ஆஸ்பத்திரிகளிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் மொழிபெயர்க்கிற வேலை கிடைக்கும்.

விமான நிலையத்திலிருந்து வரும்போது காரிலேயே என் கணவர் தொடங்கிவிட்டார்.

"அதென்ன யோகா, உலகத்தில வேற பாஷை கிடைக்கேல்லையோ? ஸ்பானிஷ்?"

"ரேடியோவில கேட்டனான் அத்தான். ஒண்டும் விளங்காது. ஆனால் கேக்க நல்லா இருக்கும்."

"கேக்க நல்லா இருக்கு எண்டு ஆரும் படிப்பினமோ?"

"அக்காவும் உங்கட கதையைக் கேட்டுத்தானே கலியாணத்துக்கு ஓம் எண்டவ."

அவர் சிரித்த சிரிப்பில் கார் பக்கத்துப் பாதைக்குப் போகப் பார்த்தது. நான் ஸ்டியரிங்கைப் பாருங்கோ என்றேன்.

ஆனாலும் அவருக்கு அந்தப் படிப்பில் நம்பிக்கை இல்லை. படிப்பு என்றால் அதன் முடிவில் என்ன வேலை என்று இப்போதே கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது அவர் எண்ணம். ஆகவே பரமட்டாவில் ஒரு தட்டெழுத்துக் கல்லூரியில் யோகாவுக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். அதற்குக் காரணமும் இருந்தது. ஸ்பானிஷ் வகுப்புக்கு இருந்த கதிரைகளைவிட இரண்டு மடங்கு ஆட்களைச் சேர்த்திருந்தார்கள். முதல் கிழமை எல்லோரும் வந்து படிக்கலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வகுப்பு ஆசிரியை பாதிப் பேரை நிறுத்திவிடுவார். நிறுத்தப்பட்டால் தட்டெழுத்துக்குப் போவதாக யோகா ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டபோது அவள் முகத்தை நான் பார்த்தேன். ஒரு நாளும் தட்டெழுத்துக்குப் போகப்போவதில்லை என்று நம்புகிற ஆளின் முகம் அது.

திங்கட்கிழமை காலையில் அவளை மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிரான்வில்லில் மாறவேண்டும், சென்ட்ரலில் இறங்கவேண்டும், ரயில் கதவருகில் நிற்கக்கூடாது, அந்தச் சிவப்பு ரயில்களின் கதவு பூட்டாமலே ஓடும் என்று எல்லாம் சொன்னேன். அவள் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முன்னரே பேசத் தொடங்கினாள்.

"அக்கா, அவையளுக்கு 'ர' வராது."

"ஆருக்கு?"

"வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கு. ரீச்சர் சொல்லச் சொல்ல நாக்கு மடியுதில்லை. எனக்கு முதல் தரத்திலேயே வந்திட்டுது. எழும்பி நிண்டு எல்லாருக்கும் சொல்லிக்காட்டச் சொன்னவ."

ஸ்பானிஷில் நாய்க்குப் பெர்ரோ என்று பெயராம். அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரும் பெர்ரோ, பெர்ரோ என்று சொல்லிக்கொண்டே பிட்டுக் குழைத்தார். அவருக்கும் வந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைக்க முடியவில்லை.

அந்த ஆசிரியையின் பெயர் எலேனா. சிலி நாட்டில் வல்பரைசோ என்ற துறைமுகப் பட்டினத்தைச் சேர்ந்தவர். நரைத்த தலையை உச்சியில் கொண்டையாகக் கட்டியிருப்பார், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார், வாயைவிடக் கை அதிகம் பேசும் என்று யோகா எழும்பி நின்று நடித்துக் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமைதான் சிக்கல் தொடங்கியது.

அன்றிலிருந்து வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொருவரும் ஆசிரியையைப் பெயர் சொல்லி அழைத்து, சுகம் விசாரித்து, ஒரு கேள்வி கேட்கவேண்டும். எல்லோரும் கேட்டார்கள். ரொன் என்று ஒருவர் இருந்தார், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர்கூட "எலேனா, எப்படி இருக்கிறாய்?" என்று வெகு சுலபமாகக் கேட்டுவிட்டார். யோகாவின் முறை வந்தது. அவள் கேள்வியைச் சரியாகக் கேட்டாள். பெயரை மட்டும் விட்டுவிட்டாள். கண் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரிடம் கேட்கிறாய், மேசையிடமா?" என்றார் ஆசிரியை. வகுப்பு சிரித்தது. "என்னிடம் கேள். எலேனா என்று சொல்லிக் கேள்."

யோகாவுக்கு வாய் வரவில்லை. மிஸ் என்று சொல்லிப் பார்த்தாள். கூடாது என்றார். சென்யோரா என்று பாடப் புத்தகத்தில் இருந்ததைச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் கூடாதாம். "சென்யோரா என்பது வங்கியில் பேசுகிற பேச்சு. இங்கே வீட்டில் பேசுவதுபோலப் பேசுவோம். என் பெயர் எலேனா." அவர் அன்பாகத்தான் சொன்னார். கடைசியில் முறை அடுத்தவருக்குப் போனது.

"கூப்பிடன் யோகா," என்றார் என் கணவர் இதைக் கேட்டதும். "அவவே கூப்பிடு எண்டு சொல்லேக்க உனக்கென்ன?"

"எப்பிடி அத்தான்? அவவுக்கு அம்மான்ர வயசு. அம்மாவை இராஜேஸ்வரி எண்டு கூப்பிடுவீங்களோ?"

"மாமியாரை நான் என்ன எண்டும் கூப்பிட்டதில்லை. பக்கத்தில போய் இருமுவன்."

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் எலேனா ரீச்சர் யோகாவை மறித்து வைத்துப் பேசினார். யோகா அதை எனக்கு வரி தப்பாமல் சொன்னாள். "உன் நாக்கு நல்ல நாக்கு. சொன்னதைத் திருப்பிச் சொல்வதில் உன்னைப்போல் யாருமில்லை. ஆனால் கிளியும் அதைச் செய்யும். மொழி பெயர்க்கப் போகிறவள் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். நீ இன்னும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பேசாவிட்டால் உனக்கு ஓர் இடத்தை நான் எப்படிக் கொடுப்பது?"

"நீ ஏன் பேசாமல் நிக்கிறாய் எண்டு அவவுக்குச் சொல்லியிருக்கலாமே?" என்றேன் நான்.

"சொன்னனான் அக்கா, இங்கிலீஷில. எங்கட நாட்டில பெரிய ஆக்களைப் பேர் சொல்லிறது மரியாதை இல்லை எண்டு. அதுக்கு அவ, 'சரி, ஸ்பானிஷ் உனக்குப் புது நாடு எண்டு நினைச்சுக்கொள், இஞ்ச புதுசாத் தொடங்கு' எண்டுறா. அதுவும் நியாயம்தானே?"

நியாயம்தான். அதுதான் கரைச்சலாக இருந்தது. ஆசிரியையில் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அன்று குசினியில் என் கணவர் தானே ஒரு வகுப்பு நடத்தினார். அவளைத் தட்டெழுத்துக்கு அனுப்ப இருந்த மனிதர், அவள் கலங்கியதைக் கண்டதும் சேட்டுக் கையை மடித்துவிட்டு முன்னால் வந்து இருந்துகொண்டார்.

"என்னில பழகு. 'வரதராஜா, தேத்தண்ணி கொண்டு வா.' எங்க, சொல்லு."

யோகா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

"சொல்லன். நான் கோவிக்க மாட்டன். தேத்தண்ணியும் கொண்டு வருவன்."

"வர..." என்றாள். அதற்கு மேலே சிரிப்பு வந்துவிட்டது. எழும்பிக் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அவளை விடுங்கோ," என்றேன் நான்.

"அப்ப நீ சொல்லிக்காட்டு."

"நானென்ன வகுப்புக்கே போறன்?"

"யோகா, கேட்டியோ?" என்று அவர் குளியலறைக் கதவைப் பார்த்துச் சொன்னார். "உன்ர அக்கா டொக்டரிட்டப் போனவ. அங்க இருந்த பிள்ளை புருஷன்ர பேர் என்ன எண்டு கேட்டிருக்கு. இவ வெளியில காருக்கு ஓடி வந்து, என்னைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போய், 'இவர்தான்' எண்டு காட்டினவ."

அது உண்மை. அந்தப் பிள்ளை அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டது. குளியலறைக்குள்ளிருந்து யோகா சிரிக்கிற சத்தம் கேட்டது.

பிறகு ஒரு கதிரையை நடுவில் இழுத்து வைத்து, அதன் முதுகில் என் கம்பளிச் சட்டையைப் போட்டு, அதுதான் எலேனா என்றோம். யோகா கதிரையை எலேனா, எலேனா என்று ஒரு தடங்கலும் இல்லாமல் கூப்பிட்டாள். சுகம் விசாரித்தாள். வல்பரைசோவில் இப்போது மழையா என்று கேட்டாள். நல்ல குறி என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் வியாழக்கிழமை வகுப்பில் கதிரையில் இருந்தது நரைத்த கொண்டையும் கண்ணாடியும் உள்ள ஒரு தாய். "எலே" வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

வியாழக்கிழமை நான் வேலையால் வந்தபோது யோகா வீட்டில் இருந்தாள். புத்தகம் திறக்கவில்லை. என் கணவர் வந்ததும், "அத்தான், தட்டெழுத்துக்குக் காலமை எத்தினை மணிக்கு நிக்கவேணும்?" என்று கேட்டாள். அவர் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவள் கேட்கவேண்டும் என்று அவர் விரும்பிய கேள்விதான் அது. ஆனால் "நாளைக்குப் பாப்பம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காய்ந்த உடுப்புகளை எடுத்து வர யோகாவைக் கூட்டிக்கொண்டு பின்வளவுக்கு இறங்கினேன். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே நெல்டா என்ற பெண் குடியிருந்தார். அவரும் சிலி நாட்டவர். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை. காணும்போது சிரிப்போம், கொடியில் இடம் விட்டுக் கொடுப்போம், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். வியாழக்கிழமை சம்பள நாள் என்பதால் அவர் வீட்டுக்கு இளம் ஆட்கள் வந்து போவார்கள். பெரிய சட்டியில் ஏதோ வேகும், கதவு பூட்டுவதே இல்லை. அன்றும் கேற்றடியில் வரும்போதே ஒவ்வொருவரும் "தியா! தியா!" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். மீசை வைத்த ஒருவன், உயரமான ஒரு பெண், கித்தாரோடு இன்னொருவன். நெல்டா கொடியில் நின்றபடி எல்லோரையும் ஏசி ஏசி உள்ளே அனுப்பினார்.

தியா என்றால் தாயின் அல்லது தகப்பனின் சகோதரி. முறைப்பெயர்கள் செவ்வாய்க்கிழமைப் பாடத்தில் வந்திருந்தன. யோகா தலையணை உறையை மடித்தபடி, சொல்லுக்குச் சொல் தேடித் தேடி நெல்டாவிடம் கேட்டாள். இவர்கள் எல்லோரும் உங்கள் சகோதரியின் பிள்ளைகளா?

நெல்டா வாயில் கடித்திருந்த உடுப்புக் கிளிப்பை எடுத்துவிட்டு நன்றாகச் சிரித்தார். பாதி ஸ்பானிஷிலும் பாதி இங்கிலீஷிலும் அவர் சொன்னது இதுதான்: "எனக்குச் சகோதரியே இல்லை. இவன் நாங்கள் வந்த புதிதில் தங்கியிருந்த ஹொஸ்டலில் பழக்கமானவன். அவள் என் தொழிற்சாலை. கித்தார்க்காரன் யார் என்றே எனக்குத் தெரியாது, சாப்பிட வருகிறான்."

"பிறகு ஏன் தியா?"

"வேறென்ன சொல்லுவார்கள்? நெல்டா என்றா? அவன் என்னை நெல்டா என்று கூப்பிட்டால், அவன் அம்மா சந்தியாகோவிலிருந்து பிளேன் பிடித்து வந்து அவன் கன்னத்தில் அடிப்பாள்."

யோகா உறையை மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, இது எங்கட அன்ரி."

"என்னடி சொல்லுறாய்?"

"எங்கட அன்ரிதான் அக்கா. சொந்தமில்லாத ஆக்களையும் நாங்கள் அன்ரி எண்டுதானே கூப்பிடுறம்? எலேனா எண்டு எனக்குச் சொல்ல ஏலாது. எலேனா அன்ரி எண்டு சொல்லலாம்தானே?"

நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். எலேனா அன்ரி. எனக்கும் வாய் வந்தது.

ஆனால் எனக்குப் பயமாகவும் இருந்தது. அவர் அன்ரி அல்ல, ஆசிரியை. பெயரை மட்டும் சொல் என்று தெளிவாகச் சொன்னவர். இதையும் சென்யோராவைப்போலக் கூடாது என்று தள்ளினால் இனி வேறு வழி இல்லை. யோகா அதையும் நெல்டாவிடம் கேட்டாள். நெல்டா உதட்டைப் பிதுக்கினார். பாலர் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியையைத் தியா என்பார்களாம். வளர்ந்த பெண் கல்லூரியில் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதாம். "சிரிக்கலாம். பிழையாக நினைக்கவும் கூடும்," என்றார். பிறகு உள்ளே போய்ச் சீஸ் வைத்துப் பொரித்த பலகாரம் ஒரு தட்டு கொண்டுவந்து தந்தார். இறைச்சி இல்லை என்று இரண்டு தரம் சொல்லித் தந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தொழிற்சாலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். நான் வீட்டுக்குப் போகாமல் நேரே ரயில் எடுத்துக் கல்லூரிக்குப் போனேன். வகுப்புக்கு வெளியே நடைபாதையில் ஒரு வாங்கு இருந்தது, அதில் உட்கார்ந்துகொண்டேன். வெக்கைக்காக வகுப்புக் கதவைத் தடித்த அகராதி ஒன்றால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். யோகாவின் முதுகு தெரிந்தது. உள்ளே பேசியது எனக்கு அப்போது விளங்கவில்லை. ரயிலில் வரும்போது யோகா ஒவ்வொன்றாக விளக்கியதைக் கொண்டே இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்கள். எலேனா, எலேனா என்ற சொல் வரிசையாக வந்தது. ரொன் முடித்தார். அடுத்தது யோகாவின் முறை. ஆசிரியை காத்துக்கொண்டு நின்றார். யோகாவின் முதுகு நிமிர்ந்தது.

"தியா எலேனா," என்றாள். "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?"

மேசையைப் பார்த்துச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

எலேனா ரீச்சர் கையிலிருந்த சோக்கைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். முன்வரிசையில் யாரோ அது என்ன சொல் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்கள். நான் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"யார் உனக்கு இதைச் சொல்லித் தந்தது?" என்று ஸ்பானிஷில் கேட்டார்.

யோகா பேசினாள். பிழையும் சரியுமாக, தெரியாத இடத்தில் கையைக் காட்டி, விடாமல் பேசினாள். என் வீட்டுக்குக் கீழே நெல்டா இருக்கிறார். அவருக்குச் சகோதரி இல்லை. எல்லோரும் அவரைத் தியா என்கிறார்கள். என் ஊரிலும் அப்படித்தான். பெரியவர்களின் பெயரை நாங்கள் தனியே சொல்வதில்லை. உங்களுக்கு என் அம்மாவின் வயது. ஆகவே தியா எலேனா.

"உன் அம்மாவுக்கு என்ன வயது?"

"ஐம்பத்தெட்டு."

"எனக்கு நாற்பத்தொன்பது," என்றார் ஆசிரியை.

யோகாவின் தலை குனிந்தது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. ஆனால் ஆசிரியை மேசை விளிம்பில் இருந்து சிரிக்கத் தொடங்கிவிட்டார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வல்பரைசோவில் அவர் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அவரைத் தியா என்றுதான் கூப்பிடுவார்களாம். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லையாம். இங்கே உள்ளவர்களுக்கு வீட்டுப் பேச்சு என்றால் வெறும் பெயர்தான் என்று தானும் நினைத்துவிட்டதாகச் சொன்னார்.

"தியா எலேனா," என்றார் ரொன், தன் பங்குக்கு.

"ரொன், நீ என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவன். பேசாமல் இரு."

வகுப்பு முழுவதும் சிரித்தது. நடைபாதையில் இருந்த நானும் ஏன் என்று தெரியாமல் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவர் யோகாவை இருக்க விடவில்லை. நெல்டாவின் சட்டியில் என்ன வெந்தது, கித்தார்க்காரன் நன்றாக வாசித்தானா, நீ சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே போனார். யோகாவும் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் இரண்டு தரம் அவளே திருப்பிக் கேள்வி கேட்டாள். ஒவ்வொன்றையும் தியா எலேனா என்று தொடங்கித்தான் கேட்டாள்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவைச் சொன்னார். சிலர் கைகொடுத்துவிட்டுத் தலை குனிந்து போனார்கள். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. யோகா கடைசியாக வந்தாள். ஆசிரியை அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தார். யோகா மரம்போல நின்றாள்.

"திங்கட்கிழமை நேரத்துக்கு வா. முன்வரிசை உன்னுடையது."

அவள் என்னிடம் ஓடி வந்த வேகத்தில் வாங்கில் முழங்காலை இடித்துக்கொண்டாள். நோவதைப் பற்றி மெரிலேண்ட்ஸ் வரும் வரை அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் என் கணவர் எங்களுக்காக மேடையில் நின்றார். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. யோகாவின் முகத்தைப் பார்த்தார்.

"அத்தான், இடம் கிடைச்சிட்டுது."

"அப்ப தட்டெழுத்துக்குப் போன் பண்ணி வேண்டாம் எண்டு சொல்லட்டோ?"

"ஓம், சொல்லுங்கோ."

வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றால் கேட்கவில்லை. கந்தோர் பூட்ட முன்னர் சொல்லவேண்டுமாம். ஸ்டேஷன் வாசலில் இருந்த போன் பெட்டிக்குள் போனார். கண்ணாடிக்கு உள்ளே நின்று அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் வெளியே நின்றோம். பின்னால் இன்னொருவர் போனுக்காக வந்து நின்றார். அவரும் எங்களோடு சேர்ந்து பார்த்தார். ஒரு வரியில் முடியவேண்டிய செய்திக்கு இவ்வளவு நேரம் எடுக்குமா என்று எனக்கு யோசனையாக இருந்தது.

கடைசியில் வெளியே வந்தார்.

"என்ன அத்தான் இவ்வளவு நேரம்? கோவிச்சவையோ?"

"இல்லை. அந்தக் கந்தோர்ப் பிள்ளை, அப்ப உங்கட மச்சாள் என்ன படிக்கப் போறா எண்டு கேட்டவள். சொன்னன். எங்க, எப்பிடி, ரீச்சர் ஆர் எண்டு எல்லாம் கேட்டவள். பிறகு தனக்கும் அதில ஒரு இடம் எடுக்கலாமோ எண்டு கேட்டவள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கடைசி இடத்தை எங்கட பிள்ளை எடுத்திட்டுது எண்டு சொன்னன்," என்றார் அவர். யோகாவின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.